கேள்வியும் பதிலும்: போலந்துக்காரரின் மனத்தாங்கல்

மலையகத்து இளைஞர்கள் சிலர் இப்போது போலந்துக்கும் வேலைக்குப் போய்வருவதாலோ என்னவோ, இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் அந்நாட்டைப் பற்றிய கேள்விகள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. தனித்தனியே பதில் எழுதுவதைவிட ஒரே இதழில் சேர்த்து எழுதினால் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாக இருக்கும் என்பதால், இம்முறை ஏனைய கேள்விகளை ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய்: என் மகன் பொஸ்னான் நகருக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறான். அங்கே பாலத்திலும் பாடசாலையிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் கட்டப்பட்டது என்று பலகை வைத்திருக்கிறார்களாம். ஆனால் கூட வேலை செய்பவர்கள் ஓய்வு நேரத்தில் ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரசல்ஸையும் பெர்லினையும் திட்டித் தீர்க்கிறார்களாம். இவ்வளவு வாங்கிக்கொண்ட பிறகும் ஏன் இந்தச் சலிப்பு?

அம்மா, வாங்கியதும் உண்மை, சலிப்பும் உண்மை. 2003 ஜூனில் நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 77 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஒன்றியத்தில் சேரச் சம்மதித்தார்கள். 2004 மே 1ஆம் திகதி போலந்து உறுப்பு நாடாயிற்று. அதன் பின்னர் ஒன்றியத்தின் நிதியை மிக அதிகமாகப் பெற்ற நாடுகளின் வரிசையில் அது முன்னிற்கிறது. அந்தப் பணம் இல்லாவிட்டால் உங்கள் மகன் பார்க்கும் பாலங்களில் பல இன்னும் வரைபடத்திலேயே இருந்திருக்கும்.

பணத்தோடு கூடவே ஒரு தொனியும் வந்தது என்பதுதான் அவர்களுடைய முறைப்பாடு. அவர்கள் சேர்வதற்கு முன்னரே, 2003 பெப்ரவரியில், ஈராக் விவகாரத்தில் அமெரிக்காவின் பக்கம் நின்ற கிழக்கு ஐரோப்பிய நாடுகளைப் பார்த்துப் பிரெஞ்சு ஜனாதிபதி ஷாக் சிராக், வாயை மூடிக்கொண்டிருக்கக் கிடைத்த நல்ல சந்தர்ப்பத்தை அவை தவறவிட்டுவிட்டன என்றார். ஈராக் யுத்தத்தைப் பொறுத்தவரை சிராக் சொன்னதே சரி என்பது என் அபிப்பிராயம்; ஆனாலும் வீட்டுக்கு வரப்போகும் மருமகளிடம் வாசலிலேயே பேசக்கூடிய பேச்சு அதுவன்று. சேர்ந்த பின்னும், ஒன்றியத்துக்குள் எவரும் எங்கும் வேலை செய்யலாம் என்ற உரிமையைப் பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளே உடனடியாக வழங்கின. ஜேர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 மே மாதம் வரை, ஏழு ஆண்டுகள், கதவைச் சாத்தியே வைத்திருந்தன. 2005இல் பிரான்சில் ஐரோப்பிய அரசியலமைப்புக்கான வாக்கெடுப்பு நடந்தபோது, குறைந்த கூலிக்கு வந்து வேலையைப் பறிக்கப்போகும் “போலந்துக் குழாய் பழுதுபார்ப்பவர்” என்ற பூச்சாண்டியை அங்குள்ள அரசியல்வாதிகள் காட்டினார்கள். போலந்தின் சுற்றுலாத் துறை ஓர் அழகான இளைஞனைக் குழாய்க்காரனின் உடையில் நிறுத்தி, “நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் வாருங்கள்” என்று சுவரொட்டி அடித்துப் பதில் கொடுத்தது. சிரித்துக்கொண்டே கொடுத்த பதில்தான். ஆயினும் அவர்கள் அதை மறந்துவிடவில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரியது ரஷ்யா பற்றிய சங்கதி. போலந்தைச் சுற்றிக்கொண்டு பால்டிக் கடலுக்கு அடியால் எரிவாயுக் குழாய் பதிக்க ஜேர்மனியும் ரஷ்யாவும் 2005இல் உடன்பட்டன. அடுத்த ஆண்டு போலந்தின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ரடோஸ்வாவ் சிகோர்ஸ்கி, இதை 1939இல் ஹிட்லரும் ஸ்டாலினும் செய்துகொண்ட ஒப்பந்தத்துடன் ஒப்பிட்டபோது மேற்கு ஐரோப்பியத் தலைநகரங்களில் அதை நாகரிகமற்ற பேச்சாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒப்பீடு மிகைதான். ஆனால் 2011இல் குழாயில் எரிவாயு ஓடத் தொடங்கியது. 2014இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டே இரண்டாவது குழாய்க்கான ஒப்பந்தமும் கைச்சாத்தாயிற்று. 2022 பெப்ரவரியில் உக்ரேன் மீது முழுப் படையெடுப்பு நடந்த பிறகு, அதே ஆண்டு செப்டெம்பரில், ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவர் உர்சுலா வொன் டெர் லையன், போலந்திலிருந்தும் பால்டிக் நாடுகளிலிருந்தும் எழுந்த குரல்களுக்கு நாம் செவிசாய்த்திருக்க வேண்டும் என்று ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உங்கள் மகனுடன் வேலை செய்பவர்கள் சொல்வதும் அதையேதான். சொல்லும் வார்த்தைகள் மட்டும் அவ்வளவு மரியாதையாக இருக்கமாட்டா.

அந்தத் திட்டில் சில வேளைகளில் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளரும் அகப்படுவதுண்டு. தம்மைக் குழாய்க்காரர் என்று இகழ்ந்தது பிழை என்றால் இதுவும் பிழைதான்.

பண்டாரவளையிலிருந்து ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்: 1939 செப்டெம்பர் 1இல் ஜேர்மனி போலந்தைத் தாக்கியது, 1945இல் சோவியத் செஞ்சேனை அதை விடுவித்தது என்றே காலமெல்லாம் கற்பித்தேன். தமது வரலாற்றை ஐரோப்பா மறந்துவிட்டதாகப் போலந்துக்காரர் சொல்வது எந்த வரலாற்றை?

ஐயா, நீங்கள் கற்பித்ததில் பாதி உண்டு. மறு பாதியைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். 1939 ஓகஸ்ட் 23ஆம் திகதி மொஸ்கோவில் கைச்சாத்தான ஜேர்மன்–சோவியத் ஒப்பந்தத்தில் போலந்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் இரகசியப் பிரிவு ஒன்று இருந்தது. அதன்படி ஜேர்மனி மேற்கிலிருந்து புகுந்து பதினாறு நாள் கழித்து, செப்டெம்பர் 17இல், செஞ்சேனை கிழக்கிலிருந்து புகுந்தது. பிரித்தானியாவும் பிரான்சும் ஜேர்மனிக்கு எதிராக மட்டுமே யுத்தப் பிரகடனம் செய்திருந்தன. கிழக்குப் பகுதியிலிருந்து இலட்சக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாகச் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டார்கள்.

பின்னர் கட்டீன். 1940 மார்ச் 5ஆம் திகதி ஸ்டாலினும் அவருடைய அரசியற் குழுவினரும் ஒப்பமிட்ட தீர்மானத்தின்படி, போர்க்கைதிகளாகவும் சிறைக்கைதிகளாகவும் இருந்த ஏறத்தாழ 22,000 போலந்துக்காரர் அவ்வாண்டு வசந்த காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களிற் பலர் நிரந்தரப் படையினர் அல்லர். யுத்தம் வந்ததால் சீருடை அணிந்த மருத்துவர்கள், ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், பொறியியலாளர்கள். ஒரு நாட்டின் படித்த வகுப்பைத் திட்டமிட்டு அறுவடை செய்த செயல் அது. 1943 ஏப்ரலில் கட்டீன் காட்டிலே புதைகுழிகளைக் கண்டதாக ஜேர்மனியர் அறிவித்தபோது, பழியை ஜேர்மனியர் தலையிலேயே சோவியத் அரசு போட்டது. நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பேர்க் விசாரணையிலும் அதே குற்றச்சாட்டை அது கொண்டுவந்தது. தீர்ப்பில் கட்டீன் என்ற பெயரே இல்லை. 1990 ஏப்ரல் 13ஆம் திகதிதான் மொஸ்கோ பொறுப்பை ஏற்றது. மார்ச் 5ஆம் திகதித் தீர்மானத்தின் பிரதி 1992இல் வார்சோவின் கைக்கு வந்தது.

இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்த ஒருத்தி அவன் இறந்த ஆண்டை வாய்விட்டுச் சொல்ல முடியாது. 1940 என்றால் அந்த இடம் சோவியத்தின் கையில் இருந்த காலம். 1941 என்றால் ஜேர்மனியின் கையில் இருந்த காலம். ஆகவே ஓர் ஆண்டைச் சொல்வதே அரசுக்கு எதிரான வாக்குமூலம் ஆகிவிட்டது. 1981 ஜூலை இறுதியில் வார்சோவின் பொவாஸ்கி மயானத்தில், கட்டீன் என்றும் 1940 என்றும் பொறித்துத் துணிந்து நிறுத்தப்பட்ட கற்சிலுவையை இரகசியப் பொலிசார் அன்றிரவே பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

செஞ்சேனை விடுவித்த பிறகு நடந்தவற்றையும் கேளுங்கள். தலைமறைவு இயக்கத்தின் தலைவர்கள் பதினாறு பேரைப் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துக் கைதுசெய்து, 1945 ஜூனில் மொஸ்கோவில் வழக்கு வைத்தார்கள். விடோல்ட் பிலெட்ஸ்கி என்பவர் உள்ளே நடப்பதை அறிவதற்காக 1940இல் தாமாகவே ஜேர்மனியரிடம் பிடிபட்டு அவுஷ்விட்ஸ் முகாமுக்குள் போனவர்; அங்கே இரகசிய அமைப்பைக் கட்டி, வெளியுலகுக்குச் செய்தி அனுப்பி, 1943இல் தப்பி வந்தவர். அவரை 1948 மே 25ஆம் திகதி வார்சோவின் மொகோட்டோவ் சிறையில் போலந்துக் கம்யூனிச அரசே ஒற்றன் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றது. “இன்கா” என்று அழைக்கப்பட்ட டனூட்டா ஷெட்சிகூவ்னா காட்டில் போரிட்ட குழுவொன்றின் தாதி. 1946 ஓகஸ்ட் 28இல் கதான்ஸ்க் சிறையில் அவளைச் சுட்டபோது பதினெட்டு வயது நிரம்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. நடந்துகொள்ள வேண்டிய முறையில் நடந்துகொண்டேன் என்று பாட்டியிடம் சொல்லுங்கள் என அவள் சிறையிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். அவளது எலும்புகள் 2014இல்தான் கண்டெடுக்கப்பட்டன. பிலெட்ஸ்கியைப் புதைத்த இடம் இன்றுவரை தெரியவில்லை.

மேற்கு நாடுகளின் மேல் அவர்களுக்கு உள்ள கோபத்துக்கு வேர் யால்டா. 1945 பெப்ரவரியில் கிரிமியாவிலுள்ள அந்த நகரில் கூடிய ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் என்ற மூன்று பெரியவர்கள் போலந்தின் எல்லையையும் ஆட்சியையும் தீர்மானித்தார்கள். நாடுகடந்து லண்டனில் இயங்கிய போலந்து அரசாங்கத்துக்கு அங்கே நாற்காலி இல்லை. அதே ஆண்டு ஜூலையில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அந்த அரசாங்கத்துக்கான அங்கீகாரத்தையே விலக்கிக்கொண்டன. பிரித்தானியாவின் வானத்தைக் காக்கப் போரிட்ட விமானிகளில் 145 பேர் போலந்துக்காரர். ஆயினும் 1946 ஜூனில் லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் போலந்துப் படைகள் நடக்கவில்லை. இந்த உணர்வை மலையகத்தில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி டில்லியில் இலங்கையும் இந்தியாவும் கைச்சாத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம், மீதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று நம் பெற்றோரைப் பங்கிட்டபோது, அந்தக் காகிதத்தில் நம்மவர் எவருடைய கையொப்பமும் இருக்கவில்லை.

இடையில் ஒரு செய்தி. சோவியத் நாடுகடத்தலிலிருந்து 1942இல் வெளியேறிய போலந்துச் சிறுவர்கள் பல நூறு பேருக்குக் குஜராத்தின் நவநகர் சமஸ்தான மன்னர் ஜாம்நகருக்கு அருகே இடம் கொடுத்து வளர்த்தார். வார்சோவில் இன்று “நல்ல மகாராஜா சதுக்கம்” என்று ஓர் இடம் உண்டு. ஐரோப்பாவைப் பற்றிப் பேசும்போது முகம் சுளிக்கும் போலந்து முதியவர்கள் இந்தியாவைப் பற்றிப் பேசும்போது அவ்வாறு சுளிப்பதில்லை.

ஹட்டனிலிருந்து செங்கொடிச் சங்கத்தின் பழைய அங்கத்தவர்: 1948இல் நமது பிரஜாவுரிமையைப் பறித்தபோது பாராளுமன்றத்தில் நமக்காக எழுந்து நின்றவர்கள் இடதுசாரிகள். முல்லோயாவில் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டபோதும் அவர்களே துணைநின்றார்கள். அப்படியிருக்க, கம்யூனிச எதிர்ப்பை ஒரு தியாக வரலாறாக நீங்கள் எழுதப்போகிறீர்களா? தொழிலாளர் அரசைத் தொழிலாளி எதிர்த்தான் என்பது முதலாளிகள் கட்டிய கதை அல்லவா?

தோழர், நீங்கள் சொல்லும் இரண்டும் நடந்தவை, நன்றி மறக்கக்கூடாதவை. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாவில் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனை நாம் நினைவுகூர்வது போலவே, 1956 ஜூன் 28ஆம் திகதி இறந்தவர்களைப் பொஸ்னான் நகரத் தொழிலாளர் நினைவுகூர்கிறார்கள். அங்கே சுட்டது முதலாளியின் பொலிஸ் அன்று; தொழிலாளரின் பெயரால் ஆண்ட அரசின் படை. வேறுபாடு அவ்வளவுதான்.

அன்று நடந்ததை நம் தோட்டத்து ஆட்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள். பொஸ்னானில் சேகெல்ஸ்கி என்று பெயர்பெற்ற பெரிய இயந்திரத் தொழிற்சாலைக்கு அப்போது ஸ்டாலினின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். ஒரு நாட்சம்பளத்துக்குச் செய்து முடிக்க வேண்டிய வேலையின் அளவை நிர்வாகம் படிப்படியாக உயர்த்தியது. சம்பளத்திலிருந்து அநியாயமாக வரியும் பிடித்தது. நாட்பேருக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைத் துரை ஒரே இரவில் கூட்டிவிட்டால் மறுநாள் பெரட்டுக்களத்தில் என்ன நடக்குமோ அதுவே அங்கும் நடந்தது. பிரதிநிதிகள் தலைநகர் சென்று பேசினார்கள்; கொடுத்த வாக்குறுதிகளை அமைச்சு மீறியது; காலையில் சங்கு ஊதியதும் வேலையை விட்டு ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு இறங்கினார்கள். ரொட்டியும் சுதந்திரமும் வேண்டும் என்பது அவர்களுடைய கோஷம். தாங்கிகள் வந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்; அவர்களில் ஒருவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். மக்களாட்சிக்கு எதிராக உயரும் கையை அந்த ஆட்சி வெட்டிவிடும் என்று பிரதமர் சிரான்கியெவிச் அதன்பின் வானொலியில் பேசினார். இதைச் சொன்னவர் தம்மைச் சோசலிஸ்ட் என்றே அழைத்துக்கொண்டவர்.

1970 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாட்களே இருக்கையில், உணவு விலையை உயர்த்தினார்கள். பால்டிக் கரையில் கப்பல் கட்டும் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். வேலைக்குத் திரும்புங்கள் என்று உதவிப் பிரதமர் தொலைக்காட்சியில் அழைத்தார்; அதை நம்பி டிசம்பர் 17ஆம் திகதி விடிகாலையில் கதீனியா நிலையத்தில் இரயிலை விட்டு இறங்கி வேலைத்தலத்துக்கு நடந்தவர்களைப் படையினர் சுட்டார்கள். கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் உடலை ஒரு கதவின் மேல் கிடத்தித் தொழிலாளர் நகர வீதி வழியே தூக்கிச் சென்றனர். வேலைநிறுத்தம் செய்தவனைச் சுட்ட கதை எங்கும் உண்டு. வேலைக்கு வந்தவனைச் சுட்ட கதை அபூர்வம்.

1980 ஓகஸ்டில் கதான்ஸ்க் கப்பற்துறையில் பாரந்தூக்கி இயக்கிய அன்னா வலெந்தினோவிச் என்ற பெண்ணை, ஓய்வூதியத்துக்கு ஐந்து மாதம் இருக்கையில் வேலைநீக்கம் செய்தார்கள். 14ஆம் திகதி வேலைநிறுத்தம் தொடங்கியபோது முதல் கோரிக்கைகளில் ஒன்று அவரை மீண்டும் சேர்ப்பது. மூன்றாம் நாள் நிர்வாகம் சம்பள உயர்வுக்கு இணங்கியது. தலைமை தாங்கிய மின்தொழிலாளி லெக் வலேசா போராட்டம் முடிந்தது என்று அறிவித்தும்விட்டார். அப்போது வாசலுக்கு ஓடி, வெளியேறிக்கொண்டிருந்தவர்களை மறித்தவர்கள் பெண்கள்: வலெந்தினோவிச், தாதி அலீனா பியென்கொவ்ஸ்கா, டிராம் வண்டி ஓட்டிய ஹென்ரிகா கிஷிவோனொஸ். பெரிய கப்பற்துறை கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனால், துணைக்கு வேலைநிறுத்தம் செய்த சிறிய வேலைத்தலங்கள் நசுக்கப்பட்டுவிடும் என்பது அவர்களுடைய வாதம். போராட்டம் தொடர்ந்தது. ஒட்டுப்பலகைகளில் 21 கோரிக்கைகளைக் கையால் எழுதி வாசலில் தொங்கவிட்டார்கள்.

அந்தப் பட்டியலை எப்போதாவது வாசித்துப் பாருங்கள், தோழர். கட்சியையும் முதலாளியையும் சாராத சுதந்திரமான தொழிற்சங்கம், வேலைநிறுத்த உரிமை, முன்னர் வேலைநீக்கப்பட்டவர்களை மீளச் சேர்த்தல், வேலைநிறுத்த நாட்களுக்குச் சம்பளம், மூன்று ஆண்டு மகப்பேற்று விடுமுறை, பிள்ளை மடுவத்தில் போதிய இடம், சனிக்கிழமை ஓய்வு. தொழிற்சாலையைத் தனியாருக்கு விற்றுவிடுங்கள் என்ற கோரிக்கை அதில் இல்லை. ஓகஸ்ட் 31இல் அரசு ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டது. அதிலிருந்து எழுந்த சொலிடாரிட்டி சங்கத்தில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் சேர்ந்தனர். மூன்றரைக் கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் ஒரு கோடி! 1981 டிசம்பர் 13இல் ஜெனரல் யருசெல்ஸ்கி இராணுவச் சட்டம் கொண்டுவந்து தலைவர்களைச் சிறையிட்டார். மூன்று நாள் கழித்து வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த ஒன்பது தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

1989க்குப் பின் வந்த சந்தைப் பொருளாதாரம் இதே கப்பற்துறைகளைக் காலியாக்கியது; வலெந்தினோவிச் தம் பழைய தோழர்களையே காட்டிக்கொடுத்தவர்கள் என்று கடைசிவரை ஏசினார். அந்தக் கோபத்தின் ஒரு பங்குதான் இன்றைய பிரசல்ஸ் எதிர்ப்பிலும் ஓடுகிறது. ஆகவே கதையை முதலாளி கட்டினான் என்று சொல்வதற்கில்லை. முதலாளி பிற்பாடு வந்து பலனை எடுத்துக்கொண்டான் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், மறுக்கமாட்டேன்.

லிந்துலையிலிருந்து உயர்தர மாணவன்: கம்யூனிசம் விழுந்தது பெர்லின் சுவர் உடைந்தபோதுதானே?

தம்பி, சுவர் உடைந்தது 1989 நவம்பர் 9இல். அதற்கு ஐந்து மாதம் முன்பே, ஜூன் 4ஆம் திகதி, போலந்தில் பாதி சுதந்திரமான தேர்தல் நடந்தது. கீழ்ச்சபையில் எதிரணி போட்டியிட அனுமதித்தது 460 ஆசனங்களில் 161 மட்டும். இரண்டு சுற்றிலுமாக அத்தனையையும் சொலிடாரிட்டி வென்றது. மேற்சபையின் 100 ஆசனங்களில் 99ஐயும் வென்றது. ஓகஸ்ட் மாதத்திலேயே ததெயூஸ் மசோவியெட்ஸ்கி பிரதமரானார்; நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிராந்தியத்தில் கம்யூனிஸ்ட் அல்லாத ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஆனால் வாக்குப்பெட்டியைப் படம்பிடித்தால் அது சுவரை உடைக்கும் காட்சி போல் இருக்குமா? அதே ஜூன் 4இல்தான் பீஜிங்கின் தியனென்மென் சதுக்கமும் இரத்தத்தில் மூழ்கியது. உலகத்தின் கண் அங்கே போய்விட்டது. சுவர் வீழ்ந்த இருபதாம் ஆண்டு விழாவில் பெர்லினில் பெரிய டொமினோக் கட்டைகளை வரிசையாக நிறுத்தி ஒன்றன்பின் ஒன்றாக விழச்செய்தபோது, முதலாவதைத் தள்ளிவிட வலேசாவை அழைத்தார்கள். அது நியாயமான மரியாதை. ஆனாலும் விழா நடந்தது பெர்லினில்.

பதுளையிலிருந்து பல்கலைக்கழக மாணவி: இந்த நினைவுகளை அங்குள்ள அரசியல்வாதிகள் தமக்கேற்றவாறு பயன்படுத்துவதில்லையா? நமது நாட்டில் வீரர் தினங்கள் படும் பாட்டைப் பார்த்தவள் என்பதால் கேட்கிறேன்.

பயன்படுத்துகிறார்கள், சகோதரி, நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். 2011 முதல் மார்ச் 1ஆம் திகதியைச் “சபிக்கப்பட்ட வீரர்கள்” தினமாகக் கொண்டாடுகிறார்கள். யுத்தம் முடிந்த பிறகும் காட்டிலிருந்து கம்யூனிச ஆட்சியுடன் போரிட்டவர்களை அப்படி அழைப்பது வழக்கம். அந்தப் பட்டியலில் பிலெட்ஸ்கி போன்றோரின் அருகே “பூரி” என்ற இயக்கப்பெயர் கொண்ட ரொமுவால்ட் ரைஸும் சிலரால் வைக்கப்படுகிறார். 1946 தொடக்கத்தில் அவருடைய குழு கிழக்குப் போலந்தின் பெலருஸ்ய ஒர்தொடொக்ஸ் கிராமங்களை எரித்துப் பெண்களும் குழந்தைகளுமாக எழுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அதே கிராமங்களில் வாழ்கிறார்கள். அவர்கள் கண்ணெதிரே அந்தப் பெயரைச் சுமந்து ஊர்வலம் போனவர்களும் உண்டு. 1941 ஜூலையில் ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் யெத்வாப்னெ ஊரில் யூத அயலவர்களைப் போலந்துக்காரரே களஞ்சியத்துக்குள் அடைத்து எரித்ததையும், யுத்தம் முடிந்த பிறகு 1946 ஜூலை 4இல் கியெல்ஸ் நகரில் 42 யூதர்கள் கொல்லப்பட்டதையும் நினைவுகூர்வதில் இதே அரசியல்வாதிகளுக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. அந்நாட்டு ஜனாதிபதி குவாஷ்னியெவ்ஸ்கி 2001இல் யெத்வாப்னெ சென்று மன்னிப்புக் கோரினார். 2018இல் “சட்டமும் நீதியும்” கட்சியின் அரசு, நாஜிகளின் குற்றங்களைப் போலந்து தேசத்தின் மேல் சுமத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் இயற்றி, உலகம் எதிர்த்ததும் அதே ஆண்டு ஜூனில் தண்டனைப் பகுதியை நீக்கிக்கொண்டது.

கதான்ஸ்க் நகரின் இரண்டாம் உலக யுத்த அருங்காட்சியகம் 2017இல் திறந்த சில வாரங்களிலேயே, அதை உருவாக்கிய பணிப்பாளர் நீக்கப்பட்டார். காட்சிப்பொருட்களில் மாற்றம் செய்தார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவர் கரோல் நவ்ரோட்ஸ்கி. அவர் பின்னர் தேசிய நினைவு நிறுவனத்தின் தலைவராகி, 2025 ஜூனில் 50.89 சதவீத வாக்குகளுடன் நாட்டின் ஜனாதிபதியாகவும் தெரிவானார். வரலாற்று நிறுவனமொன்று ஜனாதிபதி மாளிகைக்குப் படிக்கட்டாகும் நாட்டில், கடந்த காலம் எவ்வளவு சூடான பொருள் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

எனக்கு உடன்பாடில்லாத இடம் இதற்கு அடுத்தது. 2015இல் ஆட்சிக்கு வந்த “சட்டமும் நீதியும்” கட்சி, நீதிமன்றங்களில் இன்னும் பழைய கம்யூனிஸ்டுகளின் வாடை போகவில்லை என்று சொல்லி நீதிபதிகளைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்றது. ஒன்றியம் 2017 டிசம்பரில் போலந்துக்கு எதிராக, உறுப்பு நாட்டின் வாக்குரிமையையே நிறுத்திவைக்கக்கூடிய ஏழாம் உறுப்புரை நடவடிக்கையைத் தொடங்கியது; 2021 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. அன்று மொஸ்கோ கட்டளையிட்டது, இன்று பிரசல்ஸ் கட்டளையிடுகிறது என்று அக்கட்சியினர் கூறினர். மொஸ்கோவின் கட்டளையை மறுத்தவனுக்கு மொகோட்டோவ் சிறை. பிரசல்ஸின் கட்டளையை மறுத்த அரசுக்கு அபராதச் சீட்டும் மேன்முறையீடும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது பிலெட்ஸ்கிக்குச் செய்யும் மரியாதை அன்று. 1981இல் சொலிடாரிட்டி கேட்டவற்றுள் அரசுக்குக் கட்டுப்படாத நீதிபதிகளும் அடங்கும். 2023 ஒக்டோபர் தேர்தலில் 74 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்து ஆட்சியை மாற்றினார்கள். ஒன்றியத்துடன் இணக்கமான டொனால்ட் டஸ்க் பிரதமரானார். இந்த நீதிமன்றப் பிணக்கினால் போலந்துக்குக் கொடுக்காமல் தடுத்துவைத்திருந்த நிதியை ஒன்றியம் விடுவித்தது. 2024 மே மாதம் ஏழாம் உறுப்புரை நடவடிக்கையும் முடிவுக்கு வந்தது. டஸ்க் வந்தவுடன் நிதி இவ்வளவு விரைவாக விடுபட்டதைப் பார்த்த மறு தரப்பினர், இது சட்டத்தைப் பற்றியதல்ல, தமக்குப் பிடித்தவரைப் பற்றியது என்று முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்: பிரித்தானியாவைப் போலப் போலந்தும் ஒன்றியத்தைவிட்டு வெளியேறுமா?

நான் அறிந்தவரை இல்லை. கிழக்கே ரஷ்யா இருக்கும்வரை, திட்டிக்கொண்டே உள்ளே இருப்பார்கள்.

கொட்டகலையிலிருந்து ஒரு சகோதரி: என் தம்பி டிசம்பரில் விடுமுறை கிடைத்தால் கதான்ஸ்க் போகலாம் என்கிறான். இந்த வரலாற்றில் கண்ணால் பார்க்கக்கூடியது என்ன இருக்கிறது?

கப்பற்துறையின் இரண்டாம் இலக்க வாசலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அதன் எதிரே 1970இல் இறந்தவர்களுக்காக மூன்று உயரமான உருக்குச் சிலுவைகள் நிற்கின்றன. கம்யூனிச ஆட்சி நடக்கும்போதே, 1980 டிசம்பரில், அந்த ஆட்சி சுட்டுக் கொன்றவர்களுக்குத் தொழிலாளர் எழுப்பிய நினைவுச்சின்னம் அது. பக்கத்திலேயே துருப்பிடித்த கப்பலின் உடலைப் போன்ற பெரிய கட்டடம் ஒன்று உண்டு. 2014இல் திறந்த ஐரோப்பிய சொலிடாரிட்டி மையம் அதுதான். 21 கோரிக்கைகளும் எழுதிய ஒட்டுப்பலகைகளை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றைப் பற்றி அங்கே கேட்டுப் பார்க்கலாம். டிசம்பர் 16, 17ஆம் திகதிகளில் போனால் நினைவுக் கூட்டங்களையும் காணலாம், ஆனால் குளிர் கடுமையாக இருக்கும். நுவரெலியாக் குளிருக்கு வாங்கிய சுவெட்டர் அங்கே போதாது. கதீனியாவுக்கு அங்கிருந்து உள்ளூர் இரயில் அடிக்கடி ஓடுகிறது. கூட வேலை செய்யும் வயதானவர் எவரையாவது அழைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. 1981இல் இறைச்சிக்குக் கூப்பன் அட்டையுடன் வரிசையில் நின்றவர்கள் அவர்களுக்குள் நிச்சயம் இருப்பார்கள்.